எந்திரத்துக்கு நெற்றி எங்கே?

துறைமுக ஏலத்தில் எடுத்த அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் முதலாளிக்கே சரியாகத் தெரியாது. யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டு, எடுக்காமல் போட்டுவிட்ட சரக்கு. சீட்டில் 'லேத்து' என்று எழுதியிருந்ததாம். லேத்து என்றால் லேத்துதானே என்று ஏலம் கேட்கக் கையைத் தூக்கிவிட்டார். மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், மிளகு மண்டிக்கும் சுக்கு மண்டிக்கும் நடுவில் இருந்த எங்கள் பாத்திரப் பட்டறை வாசலில் அது வந்து இறங்கியபோது சந்தே அடைத்துக்கொண்டது. பலகையைப் பிரித்தால், சுற்றுவதற்குக் கைச்சக்கரம் இல்லாத ஒரு லேத்து. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. அலமாரி முகப்பில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள், ஒரு சின்னத் திரை. எங்கள் மேஸ்திரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மொதலாளி, இதுல பிடிக்கதுக்குப் பிடியே இல்லையே" என்றார்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லை நாங்கள் பேப்பரில் படித்திருந்தோம், அவ்வளவுதான்.

நான் அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது தட்டச்சு வழியாக. இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பஜார் ஓட்டல் ஒன்றில் சரக்கு மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கொச்சியிலேயே தங்கிவிட்ட குடும்பம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது இரண்டிலும். சண்டை கொஞ்சம் அதிகமாகவே போடுவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், யாராவது தும்மினால் போதும், இறங்கி வந்துவிடும். எந்திரத்தைப் பொருத்த பெங்களூரிலிருந்து வந்தவர், "லேத்து தெரிஞ்ச ஆள் உங்ககிட்ட இருக்கார், இனி டைப் தெரிஞ்ச ஆள்தான் வேணும்" என்று முதலாளியிடம் சொன்னாராம். முதலாளி அப்பாவின் ஓட்டலில்தான் தினமும் சாயா குடிப்பார். மறுநாள் காலை நான் பட்டறையில் நின்றேன்.

லேத்துக்கும் தட்டச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. புரிந்தபோது தலைகால் தெரியவில்லை. அந்த எந்திரத்துக்கு எல்லாவற்றையும் எழுதித்தான் தர வேண்டும். தட்டச்சு மாதிரியே இருந்த ஒரு சாதனத்தில் நான் எழுத்தையும் எண்ணையும் தட்டுவேன், அது காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக்கொண்டே போகும். ஒரு எழுத்துக்கு ஒரு வரிசை ஓட்டை. அந்த நாடாவை அலமாரியில் இருந்த ஒரு சின்னக் கண்ணாடிக்கு எதிரில் ஓடவிட்டால், ஓட்டை வழியாக விழும் வெளிச்சத்தைப் பார்த்து எந்திரம் படித்துக்கொள்ளும். இவ்வளவு தூரம் போ, இவ்வளவு ஆழம் வெட்டு, திரும்பி வா. நான் வீட்டில் யாரிடமாவது "தண்ணி கொண்டு வா" என்றால்கூட நாலு முறை சொல்ல வேண்டும். இது ஒரே முறையில் கேட்டது.

எங்கள் பட்டறையின் முக்கியச் சரக்கு சேவநாழி. இடியாப்பம் பிழிகிற பித்தளை அச்சுக்குக் கேரளத்தில் அதுதான் பெயர். மாவு போட ஒரு நாழி, மேலே ஒரு மூடி, மூடியின் நடுத் துளை வழியாக இறங்குகிற ஒரு திருகு. திருகைச் சுற்றினால் மாவு அழுந்தி நூல் நூலாக வரும். அந்தத் திருகில் மரை வெட்டுவதுதான் பெரிய வேலை. எங்கள் மேஸ்திரியை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். சாதாரண லேத்தில் அவர் ஒரு திருகு வெட்டி முடிப்பதற்குள் பாதிக் காலைப்பொழுது போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் பேசினவன் செத்தான்.

புது எந்திரத்தில் முதல் திருகு வெட்டிய காலையை நினைத்தால் இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாடாவை மாட்டினேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். பித்தளைக் கம்பி சுழன்றது. யாரும் தொடவில்லை, யாரும் தள்ளவில்லை, வெட்டுகிற டூல் தானாக முன்னால் வந்தது. தொட்டது, ஓடியது, விலகியது, சட்டென்று திரும்பி, விட்ட இடத்திலேயே வந்து நின்று, இன்னும் கொஞ்சம் ஆழமாக ஓடியது. மறுபடியும். மறுபடியும். மஞ்சள் தூள் பறந்து என் கையெல்லாம் ஒட்டியது. நான் தட்டிய எண்கள் என் கண் முன்னால் பித்தளையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, பயம் வந்தது, ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிப்பிடிக்க அங்கே அண்ணாச்சிதான் இருந்தார், அதனால் கையைத் தட்டிக்கொண்டேன். கண்ணாடி டம்ளரில் வைத்த சாயா ஆறுவதற்குள் திருகு முடிந்துவிட்டது.

"ஏட்டி, இது பேய்" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு, சூட்டோடு திருகை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கீழே வைக்க அவருக்கு மனமே வரவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம் பிறகுதான் தெரிந்தது. கையால் வெட்டும்போது ஒவ்வொரு திருகும் ஒரு விதமாக இருக்கும், அதற்கென்று செய்த மூடியில்தான் அது சேரும். மாறிப் போகாமல் இருக்க அண்ணாச்சி திருகிலும் மூடியிலும் ஒரே மாதிரி புள்ளி குத்திவைப்பார். இருந்தும் கல்யாண வீடுகளில் நாலு வீட்டுச் சேவநாழி ஒன்றாகக் கழுவப்பட்டு மூடி மாறிவிடும். பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் எங்கள் வாசலுக்குச் சண்டையோடு வருவார்கள். எந்திரத்தில் வெட்டியதில் எந்த மூடியும் எந்தத் திருகுக்கும் சேர்ந்தது. அண்ணாச்சி நம்பவில்லை. ஒரு சாக்கில் மூடிகளைக் கொட்டிக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எடுத்து மாட்டிப் பார்த்தார். அத்தனையும் சேர்ந்தது. அன்றோடு புள்ளி குத்துகிற உளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இவ்வளவு நல்ல எந்திரத்துக்கு ஒரே ஒரு கெட்ட குணம். அது மிக வேகம். மட்டாஞ்சேரிக் கடைகள் ஓணத்திலிருந்து அடுத்த ஓணம் வரைக்கும் விற்கிற சேவநாழியை அது மழைக்காலம் முடிவதற்குள் வெட்டித் தள்ளிவிட்டது. கிடங்கு நிறைந்தது. முதலாளியின் வீட்டு மாடி நிறைந்தது. அவர் வீட்டு அம்மா, "கட்டிலுக்கு அடியிலும் நாழி, இனி கட்டிலுக்கு மேலேயும் வையுங்க, நான் வாசல்ல படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். முதலாளி ராவுத்தர் குடும்பம், பல தலைமுறையாகக் கொச்சியில் வியாபாரம். ஆள் சாது. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மோளே, ஏலூர்ல இருந்து ஒரு ஆள் கேக்கறார். அங்கே ஃபேக்டரிகளுக்கு வால்வு செஞ்சு கொடுக்கறவர். எந்திரத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "எதுக்கு? ஒழுங்கா வேலை செய்யறதுக்கா?"

"அது செய்யற வேலைக்கு, நான் கொச்சி முழுக்க மூணு நேரமும் இடியாப்பம் தின்னச் சொல்லணும். நீயே சொல்லு, நடக்குமா?"

"புட்டுக்குற்றி செய்யலாம். விளக்கு செய்யலாம். நாடா மாத்தினா போதும், மொதலாளி. என்ன வேணும்னாலும் வெட்டும்."

"எல்லாத்தையும் வாங்க ஆள் வேணுமே, மோளே."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது. எந்திரம் போனால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பழைய லேத்துகளுக்குத் தட்டச்சு எதற்கு? ஆனால் வேலை போகிறதே என்பதல்ல என் துக்கம், சத்தியமாகச் சொல்கிறேன். அந்த எந்திரத்தை விட்டு என்னால் இருக்க முடியாது. அதன் சத்தத்தை வைத்தே டூல் முனை மழுங்கிவிட்டதா என்று சொல்லத் தெரிந்திருந்தது எனக்கு. ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் விரலால் எண் போட்டுக்கொண்டிருப்பேன். எப்படியாவது அந்த ஏலூர்க்காரர் வராமல் போக வேண்டும், வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று, கும்பிடத் தெரிந்த எல்லாரையும் கும்பிட்டேன்.

அவர் விஜயதசமி காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. முதலாளி பூஜையில் கலந்துகொள்ள மாட்டார். ஆனால் பொரி, கடலை, பழம், பூ எல்லாம் அவர் செலவு. கூடைகளை வாசலில் இறக்கிவிட்டு, "நல்லா செய்யுங்க" என்று சொல்லி ஒதுங்கி நின்று பார்ப்பார். பட்டறை கழுவிச் சுத்தமாக இருந்தது. பழைய லேத்துகளுக்கெல்லாம் அண்ணாச்சி சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார். லேத்துக்கு நெற்றி எது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கடைசியில் புது எந்திரத்துக்கு முன்னால் வந்து, சந்தனக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். முதல் வருஷ பூஜை அது. அதற்கு நெற்றி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"அந்த அலமாரிக் கதவுல வையுங்க அண்ணாச்சி, பெரிசா இடம் இருக்கு" என்றேன்.

"அலமாரிக்கு எவனாவது பொட்டு வைப்பானாட்டி? அது அதுக்கு வயிறு."

"அப்ப சக்குல வையுங்க."

"சக்கு வாய். பாத்தா தெரியலையா, கம்பியைக் கவ்வுதுல்லா?"

கூடி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தர் திரைதான் முகம் என்றார். இன்னொருத்தர், எந்திரத்துக்குத் தலையே கிடையாது, வெறும் உடம்புதான் என்றார். வாசலில் நின்ற முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "இது எதால படிக்கி? அந்தக் கண்ணாடியாலதான? அப்ப அது கண்ணு. கண்ணுக்கு மேல நெத்தி." நாடா ஓடுகிற அந்தச் சின்னக் கண்ணாடிக்கு மேலே, இரும்புப் பட்டையில், கட்டை விரலால் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். எனக்கே அது பொருத்தமாகத்தான் பட்டது. சொல்லப்போனால் எந்திரம் அன்றைக்கு மிக லட்சணமாக இருந்தது.

நாடாச் சுருளை எங்கே வைப்பது என்பது அடுத்த வழக்கு. எழுத்து என்றால் புத்தகங்களோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், ஆயுதம் என்றால் உளியோடு வைக்க வேண்டும். இரண்டும்தான் என்றேன் நான். படத்துக்கும் உளிக்கும் நடுவில் வைத்தார் அண்ணாச்சி. பூஜை முடிந்து பொரி தின்றுவிட்டு, எதையும் தொடாமல் கதவைச் சாத்தினோம்.

விடிந்ததும் விஜயதசமி. அன்றைக்கு எல்லா எந்திரத்தையும் கொஞ்சமாவது ஓட்டிவிட வேண்டும் என்பது பட்டறையின் வழக்கம். பழைய லேத்துகளை ஓட்டி முடிப்பதற்கும் ஏலூர்க்காரர் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. வந்ததும் கிடங்கிலிருந்து ஒரு திருகை எடுத்துப் பார்த்தார், மூடியில் மாட்டிப் பார்த்தார். "ஓட்டிக் காட்டுங்கோ" என்றார்.

நான் நாடாவை மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன். நாடா ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

திரும்பவும் அமுக்கினேன். திரும்பவும் சிவப்பு.

திரையில் வந்த எண்ணைப் பார்த்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். நாடாவை எடுத்துவிட்டுக் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். கொச்சியின் ஈரத்தில் சந்தனம் ராத்திரியோடு இளகி, நெற்றியிலிருந்து கண்ணுக்கு வழிந்து, அங்கேயே காய்ந்து ஒட்டியிருந்தது. ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தில் ஒரு பக்கத்தை அது மறைத்துவிட்டது. இரண்டு சொட்டு பெட்ரோலும் ஒரு துண்டுத் துணியும் போதும், உடனே சரியாகிவிடும்.

எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

நெஞ்சுக்குள் ஒரு குதி குதித்தேன். கும்பிட்டது வீண் போகவில்லை. நான் பொய் சொல்ல வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், இந்த மனிதர் கிளம்பிப் போய்விடுவார், எந்திரம் என்னோடு இருக்கும். சாயங்காலம் துடைத்துவிட்டு ஓட்டிக்கொள்ளலாம். நாடாவைத் திருப்பி மாட்டிவிட்டு, மிகவும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, மூன்றாவது முறையாகப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். சிவப்பு விளக்கு அழகாக எரிந்தது.

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. விஜயதசமி அன்று முதல் ஓட்டமே நின்றுவிட்டதே என்று அவருக்கு. "என்னமோ கோவம் அதுக்கு" என்று முணுமுணுத்தார். முதலாளி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏலூர்க்காரர் அலமாரியை ஒரு தட்டுத் தட்டினார். "எந்தா இது? செத்த சாமான்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். செத்த சாமானாகவே இருக்கட்டும், போய்ச் சேருங்கள் என்று மனசுக்குள் சொன்னேன்.

"யார் இதை ஓட்டறது? இந்தப் பெண்ணா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான். ஆபீசுல கடுதாசி டைப் பண்றதும் இதும் ஒண்ணா?"

காது சுட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. அம்மா பார்த்திருந்தால் எனக்கு ஜுரம் என்று நினைத்திருப்பாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், ஜெயித்துவிட்டேன்.

வாசலில் நின்று அவர் முதலாளியிடம் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்கக் கூடாது. இது ஒருநாளும் ஓடியிருக்காது. உள்ளே இருக்கற திருகெல்லாம் கையால கடைஞ்சது. அதைக் காட்டி, பழைய இரும்புக்குப் போடற ஆக்கிரி சாமானை என் தலையில கட்டப் பாத்தீங்க, அல்லவா?"

"நில்லுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சுக்கு மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடாத எந்திரம்னு எப்படிச் சொல்லலாம்? நீங்க கண்டீங்களா? கையால கடைஞ்சதாம். கையால கடைஞ்சிருந்தா அங்கே இருக்கற அத்தனை மூடியும் அத்தனை திருகுக்கும் சேருமா? உள்ளே வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. ஓட்டிக் காட்டறேன்."

"மோளே" என்றார் முதலாளி மெதுவாக. நான் கேட்கிற நிலையில் இல்லை. பெட்ரோல் டப்பாவையும் துணியையும் எடுத்தேன். "அண்ணாச்சி, கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெத்திச் சந்தனம் கண்ணுல இறங்கிடுச்சு. அதால பாக்க முடியல. அவ்வளவுதான்."

அண்ணாச்சி கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார். "வச்சவன் நான். தொடைக்கதும் நானே தொடைக்கேன்." குழந்தைக்குக் கண் துடைத்துவிடுவது போல, அவ்வளவு பதமாகத் துடைத்தார். நெற்றியில் இருந்ததை மட்டும் தொடவில்லை.

பொத்தானை அமுக்கினேன்.

நாடா சரசரவென்று ஓடியது. கம்பி சுழன்றது. டூல் பாய்ந்து வந்தது. அன்றைக்கு அது ஓடின ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. தொட்டது, வெட்டியது, விலகியது, திரும்பியது, தொட்டது. மஞ்சள் தூள் ஏலூர்க்காரரின் சுருக்கம் இல்லாத சட்டையில் போய் அப்பியது, அவர் தட்டிவிடக்கூட இல்லை. ஒவ்வொரு முறை டூல் அதே மரைக்குள் தப்பாமல் இறங்கும்போதும் அவர் தலை தானாக முன்னால் போனது. சந்திலிருந்து ஆட்கள் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். முதலாளியும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வாங்கிப் போட்டாரே தவிர, அது ஒரு திருகை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் வெட்டுவதை அவர் நின்று பார்த்ததில்லை. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாருங்கள், நன்றாகப் பாருங்கள், செத்த சாமானா இது என்று உரக்கக் கத்த வேண்டும் போல இருந்தது.

நின்றது. திருகைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"போய் உங்களுக்கு எந்த மூடி பிடிக்குதோ எடுத்துக்கோங்க. நான் தொடமாட்டேன்."

அவர் கிடங்குக்குள் போனார், ஒரு மூடி எடுத்தார். துளையில் திருகை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். திருகு தன் கனத்திலேயே சுழன்று சுழன்று கீழே இறங்கியது. இன்னொரு மூடி. அதிலும் இறங்கியது. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் வெள்ளை வேட்டியோடு கிடங்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொம்மைக் கடையில் விட்ட பிள்ளை மாதிரி, ஒவ்வொரு மூடியாக எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

ஏலூர்க்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நாளைக்கு லாரி அனுப்பறேன்" என்றார் முதலாளியிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பார்த்தீர்களா என்று துள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என்ன காரியம் செய்தாய், உன் வாயில் மண்ணைப் போட என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் விசித்திரம், உள்ளே சந்தோஷம் மட்டும் அடங்கவே இல்லை. அழுகையும் அதுவும் ஒன்றாக வந்தன.

முதலாளி என் பக்கத்தில் வந்தார். "மோளே, அந்தச் சந்தனத்தை நீ எப்ப கண்டே?"

"முதல்லயே கண்டேன் மொதலாளி."

"வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா எந்திரம் இங்கேயே கெடந்திருக்கும்."

"தெரியும்."

"பின்னே எதுக்கு வாயைத் திறந்தே?"

"அது ஓடவே இல்லைன்னு சொன்னாரே" என்றேன்.

ஏலூர்க்காரர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க ஆபீசுல டைப்பிஸ்ட் உண்டு. நாடாவும் எந்திரத்தோட வந்த புத்தகமும் கொடுத்தா போதும், பாத்துக்கலாம்" என்றார்.

"வால்வுக்குச் சேவநாழி நாடா எதுக்கு ஆகும்?" முதலாளி சாதுவான குரலில்தான் கேட்டார். "இவ இல்லாம எந்திரத்தைக் கொண்டுபோனா நீங்களும் இடியாப்பம்தான் பிழியணும். ரெண்டும் சேத்துத்தான் தருவேன்."

"நான் சாமான் இல்ல மொதலாளி, சேத்துத் தர்றதுக்கு" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏலூர்க்காரர் பக்கம் திரும்பினேன். "எந்திரத்தை அவர்கிட்ட கேளுங்க. என்னை என்கிட்ட கேளுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "சரி, கேக்கறேன். ஆபீசுல மேஜை போட்டுத் தரேன், ஃபேன் உண்டு. அங்கே இருந்து தட்டிக் கொடு. ஷெட்டுக்குள்ள எங்க பக்கம் பெண்கள் வர்றது வழக்கம் இல்ல, கேட்டோ."

"டூல் முனை எங்கே நிக்குதுன்னு பாக்காம நான் என்னத்தைத் தட்டுவேன்? எந்திரம் ஷெட்டுக்குள்ள நிக்கும்னா நானும் ஷெட்டுக்குள்ளதான் நிப்பேன். முடியாதுன்னா உங்க டைப்பிஸ்ட்கிட்டயே கொடுத்துக்கோங்க."

அவர் கையில் இன்னும் அந்தத் திருகும் மூடியும் இருந்தன. திருகை மேலே இழுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது இறங்கி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்கட்டும்" என்றார். "என்னைக்கு வேலைக்கு வருவே?"

"லாரி நாளைக்குத்தானே வருது?"

"ஆமா."

"அதுலயே வரேன்" என்றேன்.